ஸ்காண்டிநேவியர்கள் ஏன் அப்படி உடுத்துகிறார்கள்? அடுக்கு உடை முறைக்கு ஓர் எளிய அறிமுகம்

சமூக ஊடகங்களில் 'ஸ்காண்டி ஸ்டைல்' என்று தேடினால் ஒரே மாதிரியான படங்கள் வரிசையாக வந்து நிற்கும்: முழங்காலுக்குக் கீழே இறங்கும் ஒட்டக நிறக் கோட்டு, வெள்ளை டி-ஷர்ட், நீல ஜீன்ஸ், வெள்ளை ஸ்னீக்கர், கையில் ஒரு காபிக் கோப்பை. இவற்றைப் பார்த்துப் பார்த்து, சந்தன நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ இருக்கும் எந்த எளிய உடையையும் ஸ்காண்டிநேவிய உடை என்று அழைக்கும் வழக்கம் பரவிவிட்டது. துணிக்கடைகளும் அந்தப் பெயரை ஒட்டி விற்கின்றன. ஆனால், டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனின் தெருவில் பூப்போட்ட கவுனுக்கு மேல் சிவப்பு ஸ்வெட்டர் அணிந்து மிதிவண்டியில் போகிற பெண்ணும், நார்வேக் கிராமத்தில் கறுப்புக் கம்பளியில் வெள்ளைப் புள்ளி பின்னிய சட்டை அணிந்த முதியவரும் அந்தப் படங்களுக்குள் அடங்குவதில்லை. அவர்களும் ஸ்காண்டிநேவியர்களே.

நிறத்தை வைத்து இந்த உடைமுறையைப் புரிந்துகொள்ள முயல்வதுதான் குழப்பத்தின் தொடக்கம் என்பது என் கருத்து. நிறம் இங்கே விளைவு. அதற்குக் காரணமான பொறிமுறை ஒன்று உண்டு. அதைப் பிடித்துக்கொண்டால், கோட்டு ஏன் அவ்வளவு தொளதொளப்பாக இருக்கிறது, ஏன் ஒரே கம்பளிச் சட்டையை வாரத்தில் மூன்று நாள் அணிகிறார்கள், தனி மனிதரின் விருப்பம் எந்த இடத்தில் வெளிப்படுகிறது என்பவை எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

எந்த நாடுகளைச் சொல்கிறோம்?

டென்மார்க், ஸ்வீடன், நார்வே ஆகிய மூன்றும் சேர்ந்தது ஸ்காண்டிநேவியா. இவற்றோடு ஃபின்லாந்தையும் ஐஸ்லாந்தையும் சேர்த்துச் சொல்லும்போது நார்டிக் நாடுகள் என்பார்கள். உடையைப் பற்றிய பேச்சில் இந்த எல்லை அடிக்கடி அழிந்துபோகிறது. புகழ்பெற்ற மாரிமெக்கோ உடை நிறுவனத்தை ஸ்காண்டிநேவிய நிறுவனம் என்று பலரும் எழுதினாலும் அது ஃபின்லாந்தைச் சேர்ந்தது.

கோபன்ஹேகன் ஏறத்தாழ 55 பாகை வட அட்சரேகையிலும், ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமும் நார்வேயின் ஆஸ்லோவும் 59 பாகையைத் தாண்டியும் இருக்கின்றன. டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பகல் வெளிச்சம் 6 மணி நேரம்தான். ஜூனில் அது 18 மணி நேரத்தைக் கடந்துவிடும். நார்வேயின் வடக்கே உள்ள ட்ரோம்சோ நகரில் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நாம் நினைப்பதுபோல எல்லா இடத்திலும் பனி குவிந்து கிடப்பதுமில்லை. கோபன்ஹேகனின் குளிர்காலம் உறைநிலையை ஒட்டி நிற்கிறது. கடற்காற்றும் சாரல் மழையும் ஈரமும் கலந்த குளிர் அது. உலர்ந்த பனியைவிட இந்த ஈரக் குளிரைத் தாங்குவதுதான் கடினம்.

நார்வேயில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சொலவடை உண்டு: மோசமான வானிலை என்று எதுவும் இல்லை, மோசமான உடைதான் உண்டு. அவர்கள் மொழியில் வானிலைக்கு 'வேர்' என்றும் உடைக்கு 'க்ளேர்' என்றும் சொல்வார்கள். இரண்டும் இயைபாக முடிவதால் சின்னக் குழந்தையின் வாயிலும் எளிதில் புழங்கும். மழலையர் பள்ளிக் குழந்தைகளை மழையிலும் பனியிலும் வெளியே விளையாட விடுவது அங்கே வழக்கம். அதற்குக் கம்பளி உள்ளாடை, மழைச் சட்டை, மாற்றுத் துணி எல்லாவற்றையும் பெற்றோர் தயாராகக் கொடுத்தனுப்ப வேண்டும். உடை என்பது முதலில் வெளியே போவதற்கான கருவி என்ற எண்ணம் நடக்கப் பழகும் வயதிலேயே உள்ளே இறங்கிவிடுகிறது.

குளிரைத் தடுப்பது துணியா, காற்றா?

மார்கழிக் காலையில் மதில்மேல் உட்கார்ந்திருக்கும் மைனாவைக் கவனித்திருப்பீர்கள். சிறகை உப்பிக்கொண்டு பந்துபோல இருக்கும். சிறகுகளுக்கு இடையே காற்றைச் சிறைப்பிடித்து வைத்துக்கொள்வதற்காகவே அது அப்படிச் செய்கிறது. அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். ஆகவே உடலின் சூடு வெளியேறாமல் தங்குகிறது. கம்பளிச் சட்டையும் அதே வேலையைத்தான் செய்கிறது. துணி தானாகச் சூடு தருவதில்லை. காற்றைப் பிடித்துவைக்கும் கூடாக இருக்கிறது.

இங்கிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒரே தடித்த துணியைவிட, இடையில் காற்று நிற்கும்படி அணிந்த இரண்டு மூன்று மெல்லிய துணிகள் நன்றாகக் காக்கும். அடுத்து, துணி நனைந்தால் எல்லாம் கெட்டது. ஏனென்றால் காற்றோடு ஒப்பிட்டால் தண்ணீர் 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். வெளியிலிருந்து வரும் மழை மட்டுமல்ல, உள்ளிருந்து வரும் வியர்வையும் இதே தீங்கைச் செய்யும்.

இதற்கான தீர்வுதான் அடுக்கு உடை முறை. உடலை ஒட்டி அணிவது அடிப்படை அடுக்கு. வியர்வையைத் தோலிலிருந்து அகற்றுவது இதன் வேலை. அதற்கு மேலே அணியும் ஸ்வெட்டர் போன்றது இடை அடுக்கு. காற்றைச் சிறைப்பிடிப்பது இது. எல்லாவற்றுக்கும் வெளியே காற்றையும் மழையையும் தடுக்கும் கோட்டு வெளி அடுக்கு. மூன்று வேலைகளையும் ஒரே துணியிடம் கேட்டால் எதையும் சரியாகச் செய்யாது.

அடிப்படை அடுக்குக்குப் பருத்தி உதவாது என்பது வெப்பநாட்டுக்காரர்களான நமக்கு வியப்பாக இருக்கலாம். நம் ஊரில் பருத்தி வியர்வையை உறிஞ்சி, ஈரமாக நின்று, உடலைக் குளிர வைப்பதால்தான் அதை விரும்புகிறோம். அந்த ஊரில் அதே குணம் ஆபத்து. ஆட்டுக் கம்பளியோ தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை ஈரத்தை உள்வாங்கிய பிறகும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது. அதன் இழைகள் சுருண்டிருப்பதால் காற்றும் இடையில் தங்கும். மெரினோ என்ற ஆட்டு இனத்தின் இழை மிக நுண்ணியது என்பதால் உடம்பில் குத்துவதும் இல்லை. நார்வேக்காரர்கள் இதை 'உள்ளே கம்பளி' என்ற இரண்டே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள்.

காற்றுதான் காக்கிறது என்பதை நார்வே நாட்டுப் படை அதிகாரி ஹென்ரிக் ப்ரூன் அளவுக்கு நேரடியாகப் பயன்படுத்தியவர்கள் குறைவு. 1933-ல் அவர் மீன்வலையிலிருந்து ஓர் உள்பனியனை உருவாக்கினார். முழுக்க ஓட்டையாக இருக்கும் பனியன் எப்படிக் குளிரைத் தடுக்கும் என்று தோன்றும்; அந்த ஓட்டைகள் ஒவ்வொன்றும் மேலே அணியும் சட்டையால் மூடப்பட்டுக் காற்றறையாக மாறிவிடுகின்றன. வெளி அடுக்குக்கும் பழைய கதை உண்டு. நார்வேயின் மோஸ் நகரில் 1877-ல் தொழில் தொடங்கிய கப்பல் தலைவர் ஹெல்லி யூல் ஹான்சன், முரட்டு லினன் துணியை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து மாலுமிகளுக்கு மழைச் சட்டை செய்தார். இன்று நகரத்து இளைஞர்கள் அழகுக்காக அணியும் நீண்ட மழைக்கோட்டு, மீனவர்களும் மாலுமிகளும் அணிந்த அந்தச் சட்டையின் வழிவந்ததே.

இதுவரை பார்த்தது: நின்ற காற்று காக்கும், ஈரம் கெடுக்கும், ஆகவே வியர்வையை அகற்ற ஒன்று, காற்றைப் பிடிக்க ஒன்று, மழையைத் தடுக்க ஒன்று என உடை மூன்று அடுக்காகப் பிரிகிறது.

டிஃபன் கேரியரைப் போன்ற உடை

குளிர்நாடுகள் எல்லாவற்றிலும் அடுக்குகள் உண்டு. அதனால் மட்டும் தனி அழகியல் பிறந்துவிடாது. ஸ்காண்டிநேவியாவில் இன்னொரு செய்தி சேர்கிறது. அங்கே வீடுகளும் அலுவலகங்களும் கடைகளும் உள்ளே 20 பாகை செல்சியஸையும் தாண்டிய இதமான சூட்டில் வைக்கப்பட்டிருக்கின்றன. வெளியே உறைநிலை, கதவைத் திறந்தால் உள்ளே நம் கொடைக்கானல் பகல். இந்த எல்லையை ஒரு மனிதர் ஒரே நாளில் பத்து முறையாவது கடக்க வேண்டியிருக்கும்.

கோபன்ஹேகனில் நவம்பர் மாத வேலைநாள் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலையில் இருட்டு முழுதாக விலகும் முன்பே குழந்தையை மிதிவண்டியின் முன்பெட்டியில் உட்கார வைத்து மழைக்கோட்டோடு கிளம்புகிறார் ஒருவர். அலுவலகத்தில் கோட்டைக் கழற்றி மாட்டுகிறார். ஸ்வெட்டரோடு கூட்டத்தில் அமர்கிறார். அறை சூடேறியதும் அதையும் கழற்றித் தோளில் போட்டுக்கொள்கிறார். மதியம் மறுபடியும் ஸ்வெட்டரும் ஸ்கார்ஃபும். மாலை நான்கு மணிக்கு வெளிச்சம் போய்விடும். வீட்டு வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைகிறார்; இந்தப் பழக்கத்தில் அவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான், விருந்தினரும் காலுறையோடுதான் உள்ளே வருவார்கள். ஆகவே காலுறைகூட மற்றவர் கண்ணில் படுகிற உடைதான்.

இந்த நாளில் அவருடைய ஒவ்வோர் அடுக்கும் ஏதோ ஒரு நேரத்தில் எல்லாருக்கும் தெரியும் மேலாடையாக இருந்திருக்கிறது. எந்த அடுக்கையும் 'உள்ளேதானே இருக்கிறது' என்று அலட்சியமாக விட முடியாது. எதை எதனோடு சேர்த்து நிற்க வேண்டிவரும் என்பதும் முன்கூட்டித் தெரியாது.

நம் வீட்டு டிஃபன் கேரியர் இதற்குச் சரியான ஒப்புமை. அதில் ஒவ்வொரு கிண்ணமும் தனியாக எடுத்துப் பரிமாறக்கூடிய முழுப் பாத்திரம். அதேநேரம் எல்லாக் கிண்ணங்களும் ஒரே விட்டத்தில் இருப்பதால் எந்த வரிசையில் அடுக்கினாலும் பொருந்தும். தனித்து நிற்கவும் வேண்டும், எதனோடும் சேரவும் வேண்டும். ஸ்காண்டிநேவிய அன்றாட உடையின் இயல்பு இதுதான், மற்றவை இதிலிருந்து கிளைப்பவை.

முதலில் நிறம். ஐந்து மேலுடை, நான்கு கீழுடை, மூன்று கோட்டு ஒருவரிடம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தினால் 60 சேர்க்கைகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ஜோடியை மட்டுமே ஏற்குமானால் ஐந்தாறுதான் தேறும். கருநீலம், சாம்பல், கறுப்பு, வெள்ளை, ஒட்டக நிறம் ஆகியவை ஒன்றோடொன்று மோதாதவை என்பதால்தான் பலரும் அடித்தளமாக அவற்றைத் தேர்கிறார்கள். எளிமைமேல் கொண்ட மோகத்தைவிட இந்தக் கணக்கு வலுவானது.

அடுத்தது அளவு. தடித்த ஸ்வெட்டருக்கு மேலே கோட்டு ஏற வேண்டும். இறுக்கிப் பிடித்தால் இடையில் உள்ள காற்று பிதுங்கி வெளியேறி, சூடும் போய்விடும். மிதிவண்டிக் கைப்பிடியைப் பிடிக்கக் கை நீட்டும்போது முதுகு இழுக்கவும் கூடாது. தோள் தாழ்ந்து, உடல் அகன்று, தொளதொளப்பாக இருக்கும் கோட்டின் வடிவம் இப்படி வந்ததுதான்.

மூன்றாவது, துணியின் மேற்பரப்பு. நிறங்கள் அடங்கியிருக்கும்போது கண்ணுக்கு வேறு ஏதாவது வேண்டும். பின்னலின் மேடு பள்ளம், முரட்டு ஜீன்ஸ், தோலின் பளபளப்பு, மென்மயிர் எழுந்த கம்பளி ஆகியவை அந்த இடத்தை நிரப்புகின்றன. சாம்பல் மேல் சாம்பல் அணிந்தவரை நேரில் பார்த்தால் சலிப்பு ஏற்படாது. மலிவான ஒளிப்படத்தில் பார்த்தால் ஏற்படும், ஏனென்றால் படம் மேற்பரப்பைத் தின்றுவிடுகிறது.

சுருக்கமாகச் சொன்னால், ஒவ்வோர் அடுக்கும் தனித்து நிற்கவும் மற்றவற்றோடு சேரவும் வேண்டியிருப்பதே முதற்காரணம்; அடங்கிய நிறமும் தளர்ந்த வடிவமும் மேற்பரப்பின் வேறுபாடும் அதன் விளைவுகள்.

அன்றாடப் பொருளுக்கும் அழகு உரியது

வானிலை மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. கனடாவிலும் குளிர் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த சிந்தனையாளர் எல்லன் கேய் 1899-ல், அழகு செல்வர்களின் உடைமையாக மட்டும் இருக்கக்கூடாது, எல்லா வீட்டுக்கும் அது உரியது என்று எழுதினார். 1919-ல் கலை வரலாற்றாளர் கிரகோர் பவுல்சன், அன்றாடப் பொருட்கள் இன்னும் அழகாக வேண்டும் என்பதையே முழக்கமாக்கினார். 1930-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த பெரிய கண்காட்சி, பயனுக்கு ஏற்ற வடிவமே அழகு என்னும் பயன்நோக்குக் கொள்கையைப் பொதுமக்கள் முன் கொண்டு வைத்தது. நாற்காலிக்கும் தேநீர்க் கிண்ணத்துக்கும் சொன்ன அதே அளவுகோல் பின்னர் சட்டைக்கும் வந்து சேர்ந்தது. விழாவுக்கான உடையைவிடச் செவ்வாய்க்கிழமை அணியும் உடையில் கூடுதல் கவனம் செலுத்துவது இந்த மரபின் தொடர்ச்சி. எனக்கு இந்த உடைமுறையில் மிகவும் பிடித்தது இதுதான்.

இதனோடு 'யாந்தே சட்டம்' என்பதையும் பலர் சேர்த்துச் சொல்வார்கள். டென்மார்க்கில் பிறந்து நார்வேயில் எழுதிய அக்செல் சாண்டமோசே 1933-ல் வெளியிட்ட நாவலில் வரும் கற்பனை ஊரின் எழுதப்படாத சட்டம் அது. மற்றவரைவிட உன்னைப் பெரியவனாக எண்ணாதே என்பது அதன் உட்கருத்து. அதை எழுதியவர் அந்த மனப்போக்கைச் சாடுவதற்காகவே எழுதினார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆனாலும் முத்திரை பெரிதாகத் தெரியும் பையோ சட்டையோ அங்கே கூச்சத்தை உண்டாக்குவது உண்மை. அளவாக, போதுமான அளவில் என்று பொருள்படும் 'லாகோம்' என்ற ஸ்வீடிஷ் சொல்லும், இதமான கூடியிருத்தலைக் குறிக்கும் 'ஹூகே' என்ற டேனிஷ் சொல்லும் வாழ்க்கைப் பாங்கைச் சொல்பவை. எந்தச் சட்டைக்கும் அவை பெயராகா.

வண்ணம் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. மூன்று நாடுகளையும் ஒரே வாளியில் கலக்கியதால்தான் அது மறைந்தது.

கறுப்பும் சாம்பலும் கூர்மையான வெட்டும் ஸ்டாக்ஹோமின் அடையாளம் என்று பொதுவாகச் சொல்லலாம். 1996-ல் அங்கே தொடங்கிய ஆக்னே என்ற நிறுவனம், தொடக்கத்தில் சிவப்பு நூலில் தைத்த 100 ஜீன்ஸ்களை நண்பர்களுக்குக் கொடுத்துப் பெயர் பெற்றது. கோபன்ஹேகன் அதற்கு நேர்மாறு. கானி, ஸ்டீனே கோயா போன்ற நிறுவனங்களின் உடைகளில் பூக்களும் சிறுத்தைப் புள்ளிகளும் இளஞ்சிவப்பும் பச்சையும் தாராளமாக இருக்கும்; அதே கவுனுக்குக் கீழே பூட்ஸும் மேலே ஸ்வெட்டரும் அணிவதால் அது அன்றாட உடையாகிவிடுகிறது. நார்வேயின் நகரங்களில் மலைநடைக்கான சட்டையும் அலுவலகச் சட்டையும் கலந்தே தெரியும்.

பின்னல் சட்டைகளோ தனி உலகம். நார்வேயின் சேட்டஸ்டால் பள்ளத்தாக்கில் ஆண்கள் அணிந்த கறுப்புச் சட்டையில் நெல்மணி அளவு வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். அதற்கு 'லூசகோஃப்தே' என்று பெயர். 'லூஸ்' என்றால் பேன். பேன் சட்டை என்று பெயரிட்டு அதைத் தலைமுறை தலைமுறையாகப் பெருமையோடு அணிகிறார்கள். செல்பு என்ற ஊரில் 1857-ல் மாரித் எம்ஸ்டாட் என்ற இளம்பெண் கையுறையில் பின்னிய எட்டு முனை நட்சத்திரம் இன்று நார்வேயின் அடையாளமாகவே ஆகிவிட்டது. உன் சோய்லாண்ட் 1950-களில் உருவாக்கிய மாரியுஸ் என்ற நீலம், வெள்ளை, சிவப்புப் பின்னலையும் எங்கும் பார்க்கலாம். மே 17, நார்வேயின் தேசிய நாள். அன்று வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் பூத்தையலும் வெள்ளி அணிகளும் கொண்ட 'பூனாட்' என்ற மரபுடையில் தெருவே நிறையும். நம் கல்யாண வீட்டுப் பட்டுப் புடவை வரிசையைப் பார்த்த கண்ணுக்கு அது அந்நியமாகவே படாது.

அண்டை நாடான ஃபின்லாந்தின் மாரிமெக்கோ 1951-ல் தோன்றியது. 1964-ல் மாயா இசோலா வரைந்த உனிக்கோ என்னும் பெரிய பாப்பிப் பூ வடிவம் இன்றும் அச்சாகிறது. இவ்வளவையும் ஒதுக்கிவிட்டுச் சந்தன நிறக் கோட்டை மட்டும் எடுத்துக்கொள்வது, செட்டிநாட்டுச் சமையலிலிருந்து வெறும் சோற்றை மட்டும் எடுத்துக் காட்டுவதற்குச் சமம்.

தனிப்பட்ட பாணி எங்கே தொடங்குகிறது?

அடித்தளம் எல்லாருக்கும் பொதுவாக இருந்தால் எல்லாரும் ஒரே மாதிரி தெரிய மாட்டார்களா என்ற கேள்வி நியாயமானது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தொடக்கத்தில் அப்படித்தான் தெரியும். அந்த ஊரில் சில மாதம் இருந்தால், கண் சிறு வேறுபாடுகளைப் பிடிக்கப் பழகிவிடும்: ஒருவர் எப்போதும் ஒரே கடுகு மஞ்சள் ஸ்கார்ஃபில் வருவார், இன்னொருவர் பாட்டி பின்னிய ஸ்வெட்டரை மூன்றாம் ஆண்டாகவும் அணிவார், வேறொருவர் காதணியை மட்டும் பெரிதாகத் தேர்வார். பொது அடித்தளத்தின்மேல் ஒருவர் திரும்பத் திரும்பத் தேரும் ஒன்றிரண்டு விலகல்களையே இங்கே தனிப்பட்ட பாணி என்கிறேன். திரும்ப அணிவது என்பது இதில் முக்கியம். போன வாரம் அணிந்ததையே இந்த வாரமும் அணிந்து வந்தால் யாரும் குறைவாக நினைப்பதில்லை. அந்த உடை அவருடையது என்று அடையாளம் காண்கிறார்கள்.

இதையும் 'கேப்ஸ்யூல் வார்ட்ரோப்' என்பதையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஒன்றோடொன்று சேரும் குறைந்த எண்ணிக்கை உடைகளால் அலமாரியை அமைப்பதே அந்தச் சொல்லின் பொருள். அதைப் பரப்பியவர் 1970-களில் லண்டனில் துணிக்கடை நடத்திய சூசி ஃபாக்ஸ். ஸ்காண்டிநேவியர்களின் பழக்கம் அதற்குப் பொருந்தி வந்ததால் பெயர் அவர்கள்மேல் ஒட்டிக்கொண்டது. முப்பது உடைதான் இருக்க வேண்டும் என்பது போன்ற எண்ணிக்கை விதி எதுவும் அவர்களிடம் இல்லை.

எல்லாரும் குறைவாக வாங்கி நெடுநாள் அணிகிறார்கள் என்று மெச்சவும் முடியாது. உலகெங்கும் மலிவு உடையைப் பரப்பிய எச் அண்டு எம், 1947-ல் ஸ்வீடனின் வெஸ்டரோஸ் நகரில் பெண்கள் துணிக்கடையாகப் பிறந்ததுதான். எதிர்த்திசை முயற்சிகளும் அங்கிருந்தே வருகின்றன: துணி, காலணி, மிதிவண்டி பழுதுபார்ப்பின்மீதான வரியை ஸ்வீடன் 2017-ல் 25 விழுக்காட்டிலிருந்து 12 ஆகக் குறைத்தது, பின்னர் அந்த விகிதம் மீண்டும் மாறியது, கோபன்ஹேகன் ஃபேஷன் வாரம் 2023 முதல், பங்கேற்கும் நிறுவனங்கள் 18 அடிப்படைத் தகுதிகளை நிறைவுசெய்ய வேண்டும் என்று விதித்தது.

அங்கே போகிறவர்களுக்கு

சென்னையின் வெயிலில் கோட்டும் பூட்ஸும் அணிந்தால் அது படத்தின் நகல் மட்டுமே. வானிலைக்கு உடுத்து என்ற அடிப்படையையே அது மீறுகிறது. ஆனால் படிப்புக்கும் வேலைக்கும் ஸ்வீடனுக்கோ டென்மார்க்குக்கோ கிளம்பும் நம் பிள்ளைகள் பலர், பெட்டி நிறையத் தடித்த ஜாக்கெட்டுகளை இங்கேயே வாங்கி அடைத்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் பணத்தில் இரண்டு செட் மெரினோ கம்பளி உள்ளாடையும் நல்ல கம்பளிக் காலுறையும் வாங்குவது மேல். ஆகஸ்டில் போய்ச் சேர்பவருக்குக் கோட்டு வாங்க இரண்டு மாத அவகாசம் உண்டு. பழைய உடைகள் விற்கும் கடைகள் அந்த நகரங்களில் ஏராளம், தரமான கம்பளிக் கோட்டு அங்கே பாதி விலைக்கும் குறைவாகக் கிடைப்பதுண்டு. கோட்டைப் போட்டுப் பார்க்கும்போது, உங்களிடம் உள்ளதிலேயே தடித்த ஸ்வெட்டரை உள்ளே அணிந்திருங்கள். பொத்தானை எல்லாம் போட்டுவிட்டு, மிதிவண்டி ஓட்டுவதுபோல இரண்டு கைகளையும் முன்னே நீட்டுங்கள். முதுகு இழுத்தால் அடுத்த அளவை எடுங்கள். கருநிறக் கோட்டு என்றால், இருட்டில் வண்டியோட்டிகளுக்குத் தெரியும்படி ஒளியைத் திருப்பிக் காட்டும் சிறு வில்லை ஒன்றைக் கயிற்றில் கட்டிப் பையோரம் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். அங்கே பள்ளிப் பிள்ளைகள் முதல் பாட்டிகள் வரை மாட்டியிருப்பார்கள். கம்பளியை அடிக்கடி துவைக்கத் தேவையில்லை. இரவில் பால்கனியில் காற்றாட மாட்டிவைத்தால் காலையில் வாடை போயிருக்கும், மறுபடியும் அணியலாம்.